அயர்லாந்துப் பிரிவினையும் விடுதலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினுக்குக் குடிவந்த பிறகு ஊரிலிருந்து யார் பேசினாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. "அங்கே சண்டை ஓய்ந்துவிட்டதா?", "வடக்கு மட்டும் ஏன் இன்னும் இங்கிலாந்தோடு இருக்கிறது?", "நமக்கு 1947இல் நடந்ததுதானே அவர்களுக்கும் நடந்தது?" போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. அவசரமாகச் சொன்னால் தப்பாகத்தான் போய்ச் சேரும். அதனால் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

அயர்லாந்து ஒரு நாடா, இரண்டு நாடா?

தீவு ஒன்று, அரசு இரண்டு. தீவில் 32 மாவட்டங்கள். அவற்றில் 26 சேர்ந்தது டப்ளினைத் தலைநகராகக் கொண்ட அயர்லாந்துக் குடியரசு. வடகிழக்கில் உள்ள ஆன்ட்ரிம், அர்மா, டௌன், ஃபெர்மனா, டைரோன், டெரி ஆகிய ஆறும் வட அயர்லாந்து. அது பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது, தலைநகர் பெல்ஃபாஸ்ட்.

வடக்கு, தெற்கு என்று சொல்வது வழக்கமே தவிர வரைபடத்துக்குப் பொருந்தாது. தீவின் வடகோடியான மாலின் முனை டோனகால் மாவட்டத்தில் இருக்கிறது. டோனகால் இருப்பதோ "தெற்கில்". அதேபோல் வட அயர்லாந்தைப் பலர் அல்ஸ்டர் என்பார்கள். அல்ஸ்டர் என்ற பழைய மாகாணத்தில் ஒன்பது மாவட்டங்கள் உண்டு. அதில் மூன்று குடியரசில் இருக்கின்றன. ஏன் மூன்று மட்டும் வெளியே போயின என்பதில்தான் இந்தக் கதையின் பாதி இருக்கிறது. கீழே வருகிறேன்.

விடுதலைக்குக் கொடுத்த விலைதானே பிரிவினை?

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அயர்லாந்துக்காரர்களிலேயே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். போராளிகள் லண்டனுக்குப் போனார்கள், பேரம் பேசினார்கள், ஆறு மாவட்டத்தை விட்டுக்கொடுத்து மிச்சத்துக்கு விடுதலை வாங்கி வந்தார்கள் என்று. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

அயர்லாந்தை இரண்டாகப் பிரிக்கும் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறி மன்னரின் ஒப்புதல் பெற்றது 1920 டிசம்பர் 23. வட அயர்லாந்து என்ற ஆட்சிப்பகுதி பிறந்தது 1921 மே 3. அதே மாதம் 24ஆம் தேதி அங்கே தேர்தல் நடந்து, 52 இடங்களில் 40ஐ ஐக்கியவாதிகள், அதாவது பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்றவர்கள், பிடித்தார்கள். ஜூன் 22 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்துக்கு வந்து அந்த நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்தார். விடுதலைக்காக ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ.வுக்கும் (அயர்லாந்துக் குடியரசுப் படை) பிரிட்டிஷ் படைக்கும் சண்டை நிறுத்தம் வந்தது ஜூலை 11. தெற்குக்கு விடுதலை தந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தானது டிசம்பர் 6.

அதாவது போராளிகள் சார்பில் மைக்கேல் காலின்ஸும் ஆர்தர் கிரிஃபித்தும் பேச்சு மேசையில் உட்கார்ந்தபோது வடக்கில் ஒரு அரசு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தனிக் காவல்படை இருந்தது, அமைச்சரவை இருந்தது, ஜேம்ஸ் கிரெய்க் என்ற பிரதமரும் இருந்தார். விடுதலைக்குப் பேரமாகப் பிரிவினையைக் கொடுத்தார்கள் என்பது சரியல்ல. பிரிவினையை முதலில் முடித்துவிட்டு, பிறகுதான் விடுதலை பற்றிப் பேசவே பிரிட்டன் உட்கார்ந்தது. இந்த வரிசை புரிந்தால் பின்னால் நடந்த பல விஷயங்கள் தாமாகப் புரியும். காலின்ஸைத் துரோகி என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தேதிகளைத்தான்.

இது மதச் சண்டை இல்லையா?

மதம் அடையாளமாக இருந்தது. சண்டை நிலத்துக்காகவும் ஆட்சிக்காகவும்.

1609இல் தொடங்கி அல்ஸ்டரில் அயர்லாந்துக்காரர்களின் நிலத்தைப் பறித்து, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். பறிகொடுத்தவர் கத்தோலிக்கர், வந்தவர் புராட்டஸ்டண்ட் என்பதால் மதமும் நிலமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்ட் மன்னர் வில்லியம் வென்றார். அந்த வெற்றியை வடக்கில் இன்றும் ஒவ்வொரு ஜூலை 12 அன்றும் மேளம் அடித்து ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் 1798இல் பிரிட்டனுக்கு எதிராக எழுந்த ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் பலர் பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டண்டுகள். அதன் தலைவர் வுல்ஃப் டோன் புராட்டஸ்டண்ட். தன்னாட்சிக்காகப் பிற்காலத்தில் போராடிய பார்னெலும் புராட்டஸ்டண்ட். பைபிளுக்காக யாரும் அங்கே சாகவில்லை. டப்ளினில் ஒரு நாடாளுமன்றம் வந்தால் நம் தொழிற்சாலைக்கும் வேலைக்கும் சொத்துக்கும் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். சொந்த மண்ணில் இன்னும் எத்தனை நாள் குத்தகைக்காரனாக இருப்பது என்ற கோபம் மறு பக்கம். அந்தக் கோபத்தின் அடியில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சமும் கிடந்தது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அப்போதும் தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன.

வடக்கில் இருந்தவர்கள் விடுதலையை ஏன் எதிர்த்தார்கள்?

முதலில் கேட்டது முழு விடுதலைகூட இல்லை, தன்னாட்சிதான். 1886, 1893, 1912 என்று மூன்று முறை மசோதா வந்தது. பிரபுக்கள் சபையின் தடுப்பு அதிகாரத்தை 1911இல் குறைத்துவிட்டதால் மூன்றாவது மசோதா நிச்சயம் நிறைவேறும் என்று தெரிந்தது. அப்போதுதான் அல்ஸ்டர் கொதித்தது.

1912 செப்டம்பர் 28 அன்று ஐக்கியவாதிகளின் தலைவர் எட்வர்ட் கார்சன் பெல்ஃபாஸ்டில் முதல் கையெழுத்திட, தன்னாட்சியை எப்பாடு பட்டாவது தடுப்போம் என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் ஆண்கள் ஒப்பமிட்டார்கள். பெண்களுக்குத் தனிப் பத்திரம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 4,70,000 கையெழுத்துகள். அடுத்த ஆண்டு அல்ஸ்டர் தொண்டர் படை. 1914 ஏப்ரலில் லார்ன் துறைமுகத்தில் இரவோடு இரவாக 25,000 அளவில் துப்பாக்கிகளை இறக்கினார்கள். அல்ஸ்டர் படைக்குப் பதிலாகத் தெற்கில் 1913 நவம்பரிலேயே அயர்லாந்துத் தொண்டர் படை உருவாகியிருந்தது. 1914 ஜூலையில் ஹௌத் துறைமுகத்தில் அவர்களும் துப்பாக்கி இறக்கினார்கள். சட்டம் 1914 செப்டம்பரில் நிறைவேறியது, உலகப் போரைக் காரணம் காட்டி உடனே கிடப்பில் போடப்பட்டது.

அல்ஸ்டர்க்காரர்களின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. தீவு முழுவதற்கும் ஒரே சபை என்றால் அவர்கள் நிரந்தரச் சிறுபான்மை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்த கோடு, அதே பயத்தைத் தூக்கி வடக்கிலிருந்த கத்தோலிக்கர்கள் தலையில் வைத்தது.

1916 எழுச்சி தோற்றுப்போனதுதானே? பிறகு எப்படி எல்லாம் மாறியது?

ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தின் முன்னால் நின்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்தியவர்களின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஆறு நாளில் எழுச்சி அடங்கியது. கைதிகளை நடத்திப் போனபோது டப்ளின் மக்களில் பலர் அவர்களை ஏசினார்கள். ஊரைப் பாழாக்கிவிட்டார்களே என்ற ஆத்திரம்.

மக்களைத் திருப்பியது அதன்பின் நடந்த தண்டனைகள். மே 3 முதல் பத்து நாளுக்குள், கில்மெய்னம் சிறைமுற்றத்தில் விடியற்காலைகளில் சிலர் சிலராகச் சுட்டார்கள். மே 12 அன்று எழுச்சித் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கானலி. எழுச்சியில் பட்ட குண்டால் அவருடைய கணுக்கால் நொறுங்கிப் போயிருந்தது, எழுந்து நிற்க முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். அந்த முற்றத்துக்குப் போயிருக்கிறேன். உயரமான சாம்பல்நிறச் சுவர்கள், கீழே சரளைக்கல். மற்றவர்களைச் சுட்ட மூலையில் ஒரு சிலுவை. கானலி சுடப்பட்ட இடத்தில், வாசற்கதவுக்குச் சில அடி தள்ளி, தனியாக இன்னொரு சிலுவை. அவரால் அந்த மூலைவரை போக முடியாது என்பதால் கதவருகிலேயே முடித்துவிட்டார்கள்.

1918 டிசம்பர் தேர்தலில் 105 இடங்களில் 73, விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சிக்கு. அவர்கள் லண்டனுக்குப் போகவில்லை. 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் தங்கள் சொந்த நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். அதற்குப் பெயர் டாயில். விடுதலைப் போரும் அன்றே தொடங்கியது.

ஒன்பது மாவட்ட அல்ஸ்டரில் ஆறு மட்டும் ஏன்?

தலையை எண்ணித்தான். இதை மறைக்கக்கூட இல்லை. 1911 கணக்கெடுப்பில் ஒன்பது மாவட்டத்திலும் கத்தோலிக்கர் ஏறத்தாழ 44 சதவீதம். ஆறு மாவட்டத்தில் மட்டும் பார்த்தால் 34 சதவீதம். பிரிட்டிஷ் அமைச்சரவைக் குழு முதலில் ஒன்பதையும் சேர்த்துத்தான் பரிந்துரைத்தது. வேண்டாம் என்றவர்கள் ஐக்கியவாதிகளே. கிரெய்க்கின் சகோதரர் 1920 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து வெளிப்படையாகக் கணக்குச் சொன்னார்: ஒன்பது மாவட்டம் என்றால் 64 உறுப்பினர் சபையில் நமக்கு மூன்று நான்கு பேர்தான் கூடுதலாக இருப்பார்கள், ஆறு என்றால் 52 பேர் சபையில் பத்துப் பேர் கூடுதலாக வருவார்கள் என்று.

அப்படியானால் நாலோடு நிறுத்தியிருக்கலாமே? ஃபெர்மனாவிலும் டைரோனிலும் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை, இரண்டிலும் ஏறக்குறைய 55 சதவீதம். ஆனால் நாலு மாவட்டத்தில் ஒரு அரசை நடத்த முடியாது. பாகப்பிரிவினையில் பெரியவர் ஒருவர் தனக்கு எவ்வளவு நிலம் வேண்டுமென்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி வரப்பு போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இதில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு துயரம் உண்டு. டோனகால், கேவன், மொனகன் மாவட்டங்களில் ஏறக்குறைய 70,000 புராட்டஸ்டண்டுகள் இருந்தார்கள். அவர்களில் பலரும் 1912இல் அதே உறுதிமொழியில்தான் கையெழுத்திட்டிருந்தார்கள், ஒருவரையொருவர் கைவிட மாட்டோம் என்று. எட்டே ஆண்டில் அவர்களுடைய தோழர்களே ஓட்டுப் போட்டு அவர்களைக் கோட்டுக்கு வெளியே விட்டார்கள்.

1921 ஒப்பந்தத்தில் என்ன கிடைத்தது? எதற்காக உள்நாட்டுப் போர்?

26 மாவட்டத்துக்கு கனடாவைப் போன்ற டொமினியன் அந்தஸ்து. சொந்த ராணுவம், சொந்த வரி, சொந்த நாடாளுமன்றம். ஆனால் உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும், மூன்று துறைமுகங்கள் பிரிட்டிஷ் கடற்படையிடமே இருக்கும். கையெழுத்திடாவிட்டால் மூன்று நாளில் போர் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜ் மிரட்டிய பிறகு, விடிவதற்கு முன் கையெழுத்தானது. 1922 ஜனவரி 7 அன்று டாயிலில் 64க்கு 57 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டார்கள்.

நான் முதன்முதலில் படித்தபோது திகைத்துப்போன இடம் இது. அந்த விவாதம் அச்சில் முந்நூறு பக்கத்துக்கு மேல் வரும். அதில் பிரிவினை பற்றிய பேச்சு பத்துப் பக்கம்கூடத் தேறாது. மற்றதெல்லாம் உறுதிமொழி, மன்னர், குடியரசு. ஆறு மாதத்தில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர் நின்றது எல்லைக் கோட்டுக்காக அல்ல. குடியரசு என்று சத்தியம் செய்துவிட்டு மன்னர் பெயரைச் சொல்வதா என்பதற்காக. 1922 ஆகஸ்ட் 22 அன்று காலின்ஸைச் சொந்த மாவட்டமான கார்க்கிலேயே, கூட இருந்து போராடியவர்களே பதுங்கிச் சுட்டுக் கொன்றார்கள். வயது 31. புதிய அரசு தன் கைதிகளில் 77 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது.

அந்த உறுதிமொழி என்ன ஆயிற்று? சின் ஃபெயின் தலைவராக இருந்து, அதை எதிர்த்துப் பிரிந்து போன டி வலேரா, 1927இல் அந்த உறுதிமொழிப் புத்தகத்தில் கையெழுத்திட்டுத்தான் டாயிலுக்குள் நுழைந்தார். ஆட்சிக்கு வந்ததும் 1933இல் அதை ஒழித்தார். 1937இல் புது அரசியல் சட்டம், 1938இல் துறைமுகங்கள் திரும்பின, 1949 ஏப்ரல் 18இல் முழுக் குடியரசு. இந்த ஒப்பந்தம் முழு விடுதலை அல்ல, அதை எட்டுவதற்கான விடுதலை என்று காலின்ஸ் சொன்னது பலித்தது. உயிரைக் கொடுத்துச் சண்டையிட்ட விஷயம் பதினோரு ஆண்டில் தீர்ந்தது. பத்துப் பக்கம்கூடப் பேசப்படாத விஷயம் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது.

எல்லையை மறுபடி வரைய ஆணையம் போட்டார்களாமே?

ஆமாம். பிரிவினையைப் பற்றி அவ்வளவு குறைவாகப் பேசியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு, அங்கே வசிப்பவர்களின் விருப்பப்படி ஒரு ஆணையம் எல்லையைத் திருத்தும் என்றது. ஃபெர்மனாவும் டைரோனும் தெற்கே வந்துவிடும், மிச்சத்தை வைத்து வடக்கால் தாக்குப்பிடிக்க முடியாது என்று காலின்ஸ் தரப்பு நம்பியது. ஆனால் அதே வாக்கியத்திலேயே "பொருளாதார, புவியியல் நிலைமைகளுக்கு ஒத்துவரும் அளவுக்கு" என்ற நிபந்தனை இருந்தது. அதில்தான் எல்லாம் மூழ்கியது.

மூவர் ஆணையம். தலைவர் தென்னாப்பிரிக்க நீதிபதி ஃபீதம், தெற்கின் சார்பில் ஓயின் மெக்நீல். வடக்கு ஆள் அனுப்ப மறுத்ததால் அதன் சார்பில் ஃபிஷர் என்பவரை பிரிட்டனே நியமித்தது. 1925 நவம்பர் 7 அன்று லண்டன் நாளிதழ் ஒன்று ஆணையத்தின் வரைபடத்தை வெளியிட்டுவிட்டது. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. சுமார் 31,000 பேர் தெற்குக்கு, 7,500 பேர் வடக்குக்கு. டோனகாலின் ஒரு துண்டையே வடக்குக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தது. டப்ளின் அதிர்ந்தது, மெக்நீல் பதவி விலகினார். டிசம்பர் 3 அன்று மூன்று அரசுகளும் கூடி, இருக்கிற கோடு இருந்தபடியே இருக்கட்டும் என்று முடித்தன. பிரிட்டனின் பொதுக்கடனில் தெற்கு ஏற்க வேண்டிய பங்கும் அதோடு தள்ளுபடியானது. ஆணையத்தின் அறிக்கையைப் பூட்டி வைத்தார்கள். வெளியே வந்தது 1969இல்.

எல்லையோரத்தில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள்?

அந்தக் கோடு ஆற்றையோ மலையையோ பார்த்து வரைந்ததல்ல. முந்நூறு ஆண்டுக்கு முன் வரி வசூலுக்கும் நீதி நிர்வாகத்துக்கும் பிரித்த மாவட்ட எல்லைகளையே நாட்டு எல்லையாக்கிவிட்டார்கள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வயலுக்கு நடுவே, வாய்க்காலுக்கு நடுவே, சில இடங்களில் ஒருவர் வீட்டுக்கும் அவர் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே போகிறது.

மொனகனில் டிரம்மல்லி என்றொரு பகுதி இருக்கிறது. குடியரசின் நிலம்தான், ஆனால் சாலை வழியாக அங்கே போகவேண்டுமென்றால் வடக்குக்குள் நுழைந்துதான் போகமுடியும். குளோன்ஸ் ஊரிலிருந்து கேவன் போகும் சாலை பத்துக் கிலோமீட்டருக்குள் நான்கு முறை எல்லையைக் கடக்கிறது. பெட்டிகோ கிராமத்தின் நடுவே டெர்மன் என்ற சின்ன ஆறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் டோனகால், அந்தப் பக்கம் ஃபெர்மனா. ஒரே ஊர், இரண்டு அரசு.

1923 ஏப்ரல் 1 முதல் சுங்கச்சாவடி வந்தது. அனுமதி பெற்ற ஒரு சில சாலைகளில் மட்டும் சரக்கோடு போகலாம். வெண்ணெய், முட்டை, மாடு எல்லாம் கடத்தல் பொருளாயின. 1970களில் பிரிட்டிஷ் ராணுவம் சிறு சாலைகளை வெடிவைத்துக் குழியாக்கியும் கான்கிரீட் கட்டைகளைப் போட்டும் அடைத்தது. அடுத்த பண்ணைக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர இருபது மைல் சுற்றினார்கள். இரவில் ஊர்க்காரர்கள் கூடிக் குழியை மூடுவார்கள், ராணுவம் மறுபடி வந்து தோண்டும்.

வடக்கில் கத்தோலிக்கர்களுக்கு உண்மையிலேயே அநீதி நடந்ததா?

டெரி நகரம் ஒன்று போதும். 1967இல் அங்கே வாக்காளர்கள் கத்தோலிக்கர் 14,429 பேர், மற்றவர்கள் 8,781 பேர். நகரசபையில் ஐக்கியவாதிகள் 12, மற்றவர்கள் 8. எப்படி? நகரத்தை மூன்று வார்டாகப் பிரித்திருந்தார்கள். தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்கர்களை மொத்தமாக அடைத்து அதற்கு 8 இடம். வடக்கு வார்டில் 2,530 கத்தோலிக்கருக்கு எதிரே 3,946 பேர், அதற்கும் 8 இடம். வாட்டர்சைடில் 1,852க்கு 3,697, அதற்கு 4 இடம். பெரும்பான்மையை ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, மற்ற இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்குரியவருக்கும் அவருடைய துணைக்கும்தான் ஓட்டு. வாடகைக்கு அறை எடுத்திருப்பவருக்கும் பெற்றோர் வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் கிடையாது. ஆகவே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு நகரசபை வீடு ஒதுக்கினால் இரண்டு ஓட்டு ஒதுக்கியதாகிவிடும். வீடு கேட்டுப் பல வருடம் மனுப் போட்டவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1968 அக்டோபர் 5 அன்று டெரியின் டியூக் தெருவில் ஊர்வலம் போனவர்கள் அயர்லாந்தை இணை என்று கேட்கவில்லை. வீடு கேட்டார்கள், ஆளுக்கு ஒரு ஓட்டுக் கேட்டார்கள். போலீஸ் தடியால் பதில் சொன்னது, அதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது.

அதன்பின் முப்பது ஆண்டு?

3,500க்கும் மேற்பட்ட உயிர்கள். 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ஊர்வலம் போனவர்கள் மீது பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டு, அன்றே 13 பேர் இறந்தார்கள், காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2010இல். 1981இல் சிறையில் உண்ணாவிரதமிருந்து பத்துப் பேர் இறந்தார்கள். முதலில் இறந்த பாபி சாண்ட்ஸ் 66 நாள் கிடந்தார், அதற்கிடையில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொன்றதில் ஐ.ஆர்.ஏ.வின் பங்குதான் பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைவீதியில் குண்டு வைத்துச் சாதாரண ஜனங்களைக் கொன்றதற்கு எந்த விடுதலையின் பெயரும் சமாதானமாகாது. விசுவாசப் படைகள் எனப்பட்ட புராட்டஸ்டண்ட் ஆயுதக் குழுக்கள் வழியில் போன கத்தோலிக்கர்களைப் பிடித்துக் கொன்றதற்கும் அதேதான்.

1998 ஒப்பந்தம் எதைத் தீர்த்தது?

ஏப்ரல் 10, புனித வெள்ளி. வட அயர்லாந்து பிரிட்டனில் இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்பதை அங்குள்ள மக்களில் பெரும்பான்மைதான் முடிவு செய்யும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்ந்த தரப்புகள் ஒப்புக்கொண்டன. தெற்கு, முழுத் தீவும் தன் நாடு என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருந்த உரிமைக் கோரலைத் திருத்திக்கொண்டது. வடக்கில் பிறந்தவர் பிரிட்டிஷ்காரராகவோ அயர்லாந்துக்காரராகவோ இரண்டுமாகவோ இருக்கலாம். ஆட்சியில் இரு சமூகமும் சேர்ந்தே அமர வேண்டும். மே 22 அன்று இரு பக்கமும் ஒரே நாளில் வாக்களித்தார்கள்: வடக்கில் 71 சதவீதம் ஆதரவு, தெற்கில் 94.

1918க்குப் பிறகு தீவு முழுவதும் ஒரே நாளில் ஒரே விஷயத்துக்காக வாக்குச்சாவடிக்குப் போனது அன்றுதான். எனக்கு அந்த ஒப்பந்தத்தில் மிகவும் பிடித்தது "இரண்டுமாகவோ" என்ற அந்த ஒரு சொல். 1920இல் கோடு போட்டவர்களுக்குத் தோன்றாத சொல் அது.

பிரெக்சிட் வந்து குழப்பியது எப்படி?

2016 வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தார்கள். பிரிட்டன் வெளியேறியதும் அந்த 500 கிலோமீட்டர் ஒன்றியத்தின் எல்லையாகிவிட்டது. அங்கே மறுபடி சாவடி போட்டால் பழைய நெருப்பு பற்றும் என்பதால், சோதனையை அயர்லாந்துக் கடலுக்கு மாற்றினார்கள். பிரிட்டனிலிருந்து வடக்குக்குப் போகும் சரக்குக்குச் சோதனை என்றதும் ஐக்கியவாதிகள் கொதித்தார்கள். 2023இல் விண்ட்சர் ஏற்பாடு என்ற திருத்தம் வந்தது, 2024 பிப்ரவரியில் ஆட்சி மறுபடி அமைந்தது. முதலமைச்சர் சின் ஃபெயினின் மிஷெல் ஓநீல். தேசியவாத, அதாவது அயர்லாந்தோடு இணைய விரும்பும் தரப்பிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள்.

அயர்லாந்து ஒன்றாகுமா?

வழி இருக்கிறது. இணைப்புக்குப் பெரும்பான்மை கிடைக்கும் என்று தோன்றினால் பிரிட்டிஷ் அமைச்சர் வாக்கெடுப்புக்கு உத்தரவிட வேண்டும். 50 சதவீதத்துக்கு ஒரு ஓட்டு கூடினால் போதும். தெற்கும் சம்மதிக்க வேண்டும். தோற்றால் ஏழு ஆண்டுக்குள் மறுபடி நடத்தக் கூடாது. 1973 மார்ச்சில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தேசியவாதிகள் புறக்கணித்ததால் 98.9 சதவீதம் பிரிட்டனுக்கு விழுந்தது. அதை யாரும் விடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் பின்னணி 43.5. யாருக்குப் பெரும்பான்மை வருமென்று எண்ணிப் போட்ட கோட்டுக்குள் நூறாண்டில் எண்ணிக்கையே புரண்டுவிட்டது. ஆனால் இதை வைத்து இணைப்பு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே கணக்கெடுப்பில் தன்னை பிரிட்டிஷ் என்று மட்டும் சொன்னவர் 31.9 சதவீதம், அயர்லாந்துக்காரர் என்று மட்டும் சொன்னவர் 29.1, வட அயர்லாந்துக்காரர் என்று மட்டும் சொன்னவர் 19.8. முடிவு அந்தக் கடைசிக் கூட்டத்தின் கையில். அவர்கள் கேட்பது கொடியை அல்ல, இலவச மருத்துவம் என்ன ஆகும், ஓய்வூதியம் யார் தருவார் என்று.

அரைக்கு மேல் ஒரு ஓட்டில் இணைத்தால், 1921இல் கத்தோலிக்கர்களுக்குச் செய்ததை இப்போது புராட்டஸ்டண்டுகளுக்குச் செய்வதாகாதா? ஆகும், முன்னேற்பாடு இல்லாமல் செய்தால். இணைப்பை விரும்புகிறவன் நான். அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சென்னை அடையாறிலிருந்து 1916இல் அன்னி பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தின் பெயரே அயர்லாந்திலிருந்து எடுத்தது. அவர் தாய்வழியில் அயர்லாந்துக்காரர். மறு ஆண்டு அவரை ஊட்டியில் காவலில் வைத்தார்கள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்து, 1916 எழுச்சிக்குப் பின் வெளியேற வேண்டியதாயிற்று. நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளுக்கு முன்மாதிரி 1937 அயர்லாந்துச் சட்டம். 1920இல் பஞ்சாபில் இருந்த அயர்லாந்துப் படைப்பிரிவு ஒன்று தன் நாட்டில் நடக்கும் அடக்குமுறையைக் கேள்விப்பட்டுக் கலகம் செய்தது. ஜேம்ஸ் டேலி என்ற சிப்பாயைச் சுட்டுக் கொன்றார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலையை ஆதரித்த பஞ்சாப் கவர்னர் மைக்கேல் ஓட்வயரும் அயர்லாந்தில் டிப்பரேரியில் பிறந்தவர்தான். இதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

டெரியா, லண்டன்டெரியா?

தேசியவாதிகள் டெரி என்பார்கள், ஐக்கியவாதிகள் லண்டன்டெரி. எதைச் சொன்னாலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்பவர் எடைபோட்டுவிடுவார். நான் டெரி என்கிறேன். எதிரே இருப்பவர் மற்றதைச் சொன்னால் திருத்துவதில்லை.

இப்போது எல்லையைப் பார்க்க முடியுமா? நாம் கடக்கலாமா?

பார்க்க ஒன்றுமில்லை. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நியூரிக்கு முன்னால் கவனித்தால், சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகும். வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாகும். பச்சைத் தபால் பெட்டி போய்ச் சிவப்புப் பெட்டி வரும். தெற்கின் பழைய பெட்டிகளை உற்றுப் பாருங்கள், பச்சை வண்ணத்தின் அடியில் பிரிட்டிஷ் மன்னரின் முத்திரை புடைத்துத் தெரியும். 1922இல் பெட்டியை மாற்றவில்லை, வண்ணத்தை மட்டும் பூசினார்கள்.

ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அந்த எல்லை இருக்கிறது. சாவடி இல்லை என்பதால் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அயர்லாந்தின் வேலை அனுமதியோடு இங்கே வசிப்பவர் வடக்குக்குப் போக பிரிட்டிஷ் விசா வேண்டும். சுற்றுலாவாக வருபவர்களுக்கு இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு விசா ஏற்பாடு உண்டு, அந்தக் குறிப்பு விசாவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சனிக்கிழமைதோறும் நியூரிக்குக் காரில் போய் வாரத்துக்கான மளிகை வாங்கி வருவார். அந்தக் கோடு எங்கே வருகிறது என்று கேட்டால் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதல் தடவை நான் அவரோடு போக, விண்ணப்பம் நிரப்பி, கட்டணம் கட்டி, கைரேகை கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன்.